ஜன்னல் பாட்டிலும் உன் குடுவையும்

என் ரேவதிக்கு,

பாட்டில் நன்றாக இருக்கிறது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய், என்னைப் பற்றி அப்புறம்தான். சமையலறை ஜன்னலில், நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலை வெயில் வழக்கம்போல அதன்மேல் விழுகிறது. ஆனால் பாதிதான் இருக்கிறது. ஏன் பாதி என்று கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கோபப்படாதே.

அம்மா இருக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அனல்மின் நிலையத்தில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன்மேல் நிலக்கரி போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கறுப்பாகக் கொட்டுகிறது. "யோவ், வாசல்லியே ஒதறிட்டு உள்ள வா" என்று கத்த ஆள் இல்லை. ஆனாலும் வாசலில்தான் உதறுகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் லேப் தங்கச்சி பிரேமா. உன் நினைவாக அவர்கள் ஒரு சின்ன மலர் அச்சிடுகிறார்கள். "அண்ணா, நீங்க ஒரு பக்கம் எழுதணும்" என்றாள். உன்னைப் பற்றி நாலு பேருக்குச் சொல்கிற மாதிரி எழுதிப் பார்த்தேன், அது ஏதோ மீட்டிங்கில் பேசுகிற மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். உன்னிடம் பேசினால்தான் எனக்கு எழுத வருகிறது. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பாட்டில் கதையிலிருந்து தொடங்குகிறேன். நமக்குக் கல்யாணமான புதிதில், எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்து வெந்நீர் வந்து சேருகிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். புதுப்பெண்டாட்டி காற்று வாங்கக் கூப்பிடுகிறாள் என்று நான் பவுடர் போட்டுக்கொண்டு வந்தேன். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லில் ஒட்டியிருந்த பச்சை வழவழப்பை ஸ்பூனால் சுரண்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டாய். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "குமரேசன் பொண்டாட்டி பாசி அள்றா டோய்" என்று எவனோ குரல் கொடுத்தான்.

"பாசி இல்ல. பாக்டீரியா" என்று அவனிடம் திருப்பிக் கத்தினாய். "பச்சையா கீறதெல்லாம் பாசியா?"

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் பிறந்து, பேச்சை மாற்றிக்கொள்ளாமலே டாக்டர் பட்டம் வாங்கியவள் நீ. உன் லேப் மேடத்திடம்கூட "இந்த என்சைம் ஒரே பேஜாரு மேடம்" என்றுதான் சொல்வாயாம். பிரேமா சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

அந்த முதல் பாட்டிலை அம்மா கழுவிவிட்டாள். யாரோ அழுக்குத் தண்ணீரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, கொட்டி, புளி போட்டுத் தேய்த்து, காயவைத்து, அதில் கருவாட்டைப் போட்டு மூடிவிட்டாள். நீ சாயங்காலம் வந்து பார்த்தாய். கருவாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும், "அய்யோ, உசுராடி அது? எனக்கின்னா தெரியும்?" என்று உன்னைவிட அதிகமாக அழுதாள். அடுத்த பாட்டில் வந்த அன்றே அதன் வயிற்றில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள், இனி யாரும் தொட மாட்டார்கள் என்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொட்டு புதிதாகும். நீ சிரித்தாயே தவிர அழிக்கவில்லை.

அந்த வருஷங்களில் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் செய்கிற ஊரில் கரண்ட் இல்லாமல் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருப்போம். "காலைலேர்ந்து அத்தினி கரிய அள்ளிப் போட்டியே, எங்கய்யா போச்சு அது?" என்பாய். "அண்ணா நகர்ல ஏசி ஓடிகினு இருக்கும்" என்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் உன் வேலை என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய்.

இந்த நுண்ணுயிர் பகலில் வெயிலை வைத்துச் சர்க்கரை செய்து தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. அப்போது ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அதே உயிருக்குள் ஹைட்ரஜன் செய்கிற நொதியும் வேலை செய்தால், அந்த ஹைட்ரஜனை எரிபொருளாக எடுத்துக்கொள்ளலாம். எரித்தால் புகை இல்லை, சாம்பல் இல்லை, தண்ணீர்தான் மிச்சம். ஆனால் அந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பட்டால் செத்துப்போகும்.

"அப்ப ரெண்டையும் ஒரே ஷிப்டுல போடாத" என்றேன் நான்.

நீ கையில் இருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குப் பெருமை. "இத்த ஒலகத்துல அல்லாரும் எப்பவோ யோசிச்சாச்சுய்யா" என்று அந்தப் பெருமையை உடனே இறக்கினாய். "பகல்ல சேக்கணும், இருட்டுல செய்யணும். அதான் வழி. ஆனா இருட்டானா மட்டும் அது எழுந்துக்குற மாதிரி ஒரு சுவிட்ச வெக்கணும். அதுலதான் எனக்கு நாக்கு தள்ளுது." ஆனாலும் அன்றிலிருந்து லேபில் இருந்த உன் குடுவைகளுக்கு 'நைட் ஷிப்ட்' என்று பெயர் வைத்துவிட்டாய். வேறொரு நுண்ணுயிரின் மரபணுவை எடுத்து, அதற்கு ஒரு சுவிட்ச் கட்டி, நம் கழிமுகத்துப் பச்சைக்குள் வைப்பது. செயற்கை உயிரியல் என்று அதற்குப் பெயர். எத்தனை தடவை வைத்தாய், எத்தனை தடவை அது வேலை செய்யாமல் போனது! நீ வருகிற ஸ்கூட்டர் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

உனக்கு என்மேல் மெய்யான கோபம் வந்தது ஒரே ஒரு தடவைதான். "இது மட்டும் நடந்துச்சுனா, ஒரு வாளிய ஆத்துல ஊத்திடலாம் ரேவு. ஆறு முழுக்க நைட் ஷிப்ட். நம்ம ஊருக்கே ஃப்ரீ கரண்ட்" என்று விளையாட்டாகச் சொன்னேன். உன் முகமே மாறிவிட்டது.

"வெளாட்டுக்குக்கூட அப்டி சொல்லாத. இது நான் மாத்துனது. ஆத்துக்கு இது ஆருன்னே தெரியாது. உள்ள வுட்டுட்டு அப்புறம் வாடான்னா திரும்பி வருமா? உங்கம்மா வாங்குற மீனு அங்கேர்ந்துதான வருது? ஒரு சொட்டு வெளிய போவக்கூடாதுய்யா. ஒரு சொட்டு."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நீ போன நாளைப் பற்றி எழுத மாட்டேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதும், நடுவில் ஸ்கூட்டரை நுழைத்து நீ வருவதும் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்திருந்தது. அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்த ஒருவர், "கொழந்த இல்லாததும் ஒருவிதத்துல நல்லதாப் போச்சு" என்று ஆறுதல் சொன்னார். நான் எழுந்துபோய் அவர் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு உள்ளே போய்ச் சிரித்திருப்பாய்.

காரியத்துக்கு முந்தின வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். நம் கரையில் வழக்கம் உனக்குத் தெரியும். போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, அதில் கொஞ்சம் எடுத்துக் கடலில் விடுவோம்.

"நைனா, சுறாப்புட்டு நான் செஞ்சிடுவேன். பொடவ கீது. ஆனா அவ உசுர வுட்டு வளத்தது அந்தப் பச்சத் தண்ணிதான? லேப்புல கீதே, அத்த கொஞ்சம் வாங்கினு வா. அவளோட போவட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உனக்குக் கொடுத்தனுப்ப வேறு என்ன இருக்கிறது நம்மிடம்?

லேபுக்குப் போனேன். மேடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அறைக்குள் போய்விட்டார். பிரேமா என்னை விளக்கு போட்ட அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உன் குடுவை ஆட்டுகிற மெஷின்மேல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் உன் கையெழுத்தில் 'நைட் ஷிப்ட்'. நீ கடைசியாக மாற்றி வைத்தது அதுதானாம். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குள் நீ போய்விட்டாய்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் பிரேமா, மெதுவாகத்தான் பேசுவாள். பொறுப்பாளர் இல்லாத குடுவைகளை உயிரோடு வைத்திருக்க முடியாது என்றாள். நீ அதில் ஒரு துளியை முன்பே உறையவைத்து எடுத்துவைத்திருக்கிறாய், அது ஃப்ரீசரில் இருக்கும். குடுவையை மட்டும் நீராவியில் வேகவைத்து அழித்துவிட வேண்டும்.

"கொல்லணுமா?"

"ஆமாண்ணா. அதான் ரூல்."

நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். பிரேமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணா, அது மட்டும் முடியாது. மாத்தின உயிர் கடலுக்குப் போகக்கூடாது. அக்கா இருந்தா என் தோலை உரிச்சிடுவாங்க."

"அவளே இல்லமா!" என்று கத்திவிட்டேன். "இல்லவே இல்ல. எவ வந்து உரிக்கப் போறா? ரெண்டு கை தண்ணி. ரெண்டே கை. அத்தினி பெரிய கடலுக்கு இன்னா ஆயிடும்?"

லேபில் எல்லோரும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள். பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கொஞ்ச நேரம் வெளியில போறேண்ணா. நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் உன் குடுவையும் மட்டும் இருந்தோம். என் பையில் காலியான தண்ணீர் பாட்டில் இருந்தது. குடுவையைக் கையில் எடுத்தேன். விளக்குச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு எனக்குத் தாங்கவில்லை ரேவு. உன் கை கடைசியாகப் பட்ட உயிர் இது ஒன்றுதான், இதையும் வேகவைக்கச் சொல்கிறார்கள். பாட்டில் மூடியைத் திறந்தும் விட்டேன்.

அப்போது உன் குரல் கேட்டது என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். எதுவும் கேட்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. என்ன மாதிரி ஒரு பேச்சைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்? ஒரு சொட்டு. நீ இருந்தால் சண்டை போட்டு உன் பேச்சை மாற்றலாம். நீ இல்லை. இல்லாதவளிடம் எப்படிச் சண்டை போடுவது? புடவையைக் கொடுத்துவிடுவார்கள், ஸ்கூட்டரை இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். உன்னுடையது என்று எனக்கு மிச்சமிருப்பது நீ சொன்ன சொல். அதையும் நானே கடலில் ஊற்றிவிட்டால் அப்புறம் எனக்கு எது மிச்சம்?

குடுவையை இருந்த இடத்திலேயே வைத்தேன். பிரேமா திரும்பி வந்து முதலில் குடுவையைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை.

"இது வேல செய்யுதா இல்லயா, அத்த மட்டும் பாத்துச் சொல்லிடுமா. அதுக்கப்புறம் நீ செய்யறத செய்" என்றேன்.

அவள் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சின்னப் புட்டியில் அடைத்து, காற்று புகாமல் மூடி, கறுப்புக் காகிதம் சுற்றினாள். பக்கத்திலேயே நீ கை வைக்காத பழைய பச்சையையும் அதேபோல் இன்னொன்றில் வைத்தாள். பகலிலேயே அதற்கு ராத்திரியாகிவிட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் போனேன். ஊசியால் புட்டிக்குள்ளிருந்த காற்றை எடுத்து, வாயுக்களைப் பிரித்துக் காட்டுகிற ஒரு மெஷினுக்குள் விட்டாள். திரையில் ஒரு கோடு ஓடியது. மாற்றாத பச்சைக்கு அது கிட்டத்தட்டத் தரையோடு தரையாகவே போனது.

உன்னுடையதற்கு ஓர் இடத்தில் எழும்பியது. சின்ன மேடு. பிரேமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹைட்ரஜன் வந்திருக்குண்ணா. ஆனா ஒரு தடவை வந்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப வரணும்."

"எத்தினி வந்துகீது? ஒரு டீ போடலாமா?"

"ஒரு சொட்டு டீகூட சுடாதுண்ணா."

நான் சிரித்தேன். நீ போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதேன், அது தனிக் கதை. ரேவு, கேட்கிறதா? அது எழுந்தது. இருட்டானதும் எழுந்து வேலை பார்த்திருக்கிறது. இதைக் கேட்க நீ இல்லாமல் போனதற்கு நான் யாரைக் கேட்பேன்?

அப்புறம் குடுவை நீராவிக்குப் போனது. பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு மெஷின். உன்னை அனுப்பிய இடத்தில் கொள்ளி வைத்ததும், திரும்பிப் பார்க்காமல் வா என்று என்னைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்கள். இங்கே யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். உள்ளே போனபோது பச்சை, வெளியே வந்தபோது பழுப்பு. பிரேமா அதைக் காட்டலாமா என்று தயங்கினாள். நான் வாங்கிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தேன். அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. "கொன்னுட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதைக்கூடச் செய்யமுடியாத பிள்ளை.

காரியத்தன்று காலையில் ஜன்னலிலிருந்த பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது அது இல்லமா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது இதுலேர்ந்துதான் வந்துச்சு. இத்த அவ நம்ம ஆத்துலேர்ந்து எடுத்தா. எடுத்து வெச்சாளே ஒழிய இதுல ஒண்ணியும் மாத்தல. இது திரும்பப் போனா தப்பில்ல. பிரேமாவையும் கேட்டுட்டேன்."

அம்மா பாட்டிலைப் பார்த்தாள். பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. நீ போனதிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை. எழுந்துபோய் மஞ்சள் எடுத்துவந்து திரும்ப வைத்தாள்.

"தூக்கினு வா" என்றாள்.

நீ பாசி அள்ளிய அதே இடத்துக்குத்தான் போனோம். கரையில் இலை போட்டோம். சுறாப்புட்டு, வடை, உன் பச்சைப் புடவை. வலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். அன்றைக்குக் குரல் கொடுத்தவனும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாட்டிலைச் சரித்தாள். பச்சையாகப் போய், கொஞ்ச தூரத்திலேயே தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. பாதி போனதும் சட்டென்று நிமிர்த்திவிட்டாள்.

"ஏம்மா?"

"போதும். மிச்சம் ஜன்னல்லியே கெடக்கட்டும்." மூடியை இறுக்கி, முந்தானையில் பாட்டிலைத் துடைத்தாள். "அந்தப் பிரேமாப் பொண்ணு நாளைக்கே வந்து நின்னு, மொதல்லேர்ந்து பண்ணணும், தண்ணி குடுன்னா, இன்னாத்தடா குடுப்ப?"

அதனால்தான் பாதி இருக்கிறது.

எங்கள் பெல்ட்டில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஆள் வந்து கையில் வேலையை வாங்கிக்கொள்ளும்வரை இருக்கிறவன் நகரக்கூடாது. அவன் பஸ் கிடைக்காமல் தாமதமானாலும், வராமலே போனாலும், பெல்ட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. அப்படி நின்று நின்று எத்தனை நாள் சோறு ஆறிப்போய் உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நீ என்னடாவென்றால் யார் கையிலும் கொடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டைத் தாண்டிவிட்டாய். உன் இடம் காலியாகக் கிடக்கலாமா?

உன் லேப் வேலை எனக்குத் தெரியாது. ஜன்னல் வேலை தெரியும். வெயில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பாட்டிலைத் திருப்பிவைப்பேன். தண்ணீர் வற்றினால், நீ சொல்லிக்கொடுத்தபடி ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுவேன். பொட்டு வைப்பது அம்மா. பிரேமா ஃப்ரீசரில் இருப்பதை எழுப்பப் போகிறாள், மேடம் சம்மதித்துவிட்டார். அவள் வெற்றி பெற்று வந்து சொன்னாலும், தோற்றுப்போய் வந்து நின்றாலும், இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற அன்று அவள் கையில் கொடுக்கப் பச்சை இருக்கும். அதுவரை நான் நகர மாட்டேன் ரேவு. இது சத்தியம்.

ஆள் வரும்வரை உன் ஷிப்டிலும் சேர்ந்து நிற்கிற
உன் வீட்டுக்காரன்,
குமரேசன்